ஏர் பிளாஸ்ட், சார்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த என் வீட்டுக்காரரிடம் போலீஸ்காரர் வந்து, எப்படி நடந்தது என்று கேட்டார். அவருக்கு அப்போது பாதி மயக்கம். வலது காலில் முழங்காலுக்கு மேலும் கீழும் கம்பி செருகி, காலை ஒரு இரும்புக் கூண்டில் பூட்டி வைத்தது போல இருந்தது. கண்ணைத் திறக்காமலே, "ஏர் பிளாஸ்ட், சார்" என்றார்.

போலீஸ்காரர் வடக்கு ஜில்லாவிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஆட்டோவுக்குக்கூட ஏர்பேக் வந்துவிட்டதா என்று கன்னடத்தில் கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இல்லை சார், மயக்கத்தில் பேசுகிறார், லாரி வந்து இடித்தது என்று நான்தான் சொன்னேன். மறுநாள் நினைவு தெளிந்ததும் அவரே, லாரிதான், லாரி மட்டும்தான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அந்த 'மட்டும்' என்ற வார்த்தையை நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை.

எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு ஏர் பிளாஸ்ட் என்றால் என்ன என்று விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்துக்குள்ளே அவ்வளவு ஆழத்தில் பாறை சில நேரம் தானாகவே வெடித்துச் சிதறும். மேலே வீடுகளில் அலமாரிப் பாத்திரம் கிடுகிடுக்கும். அதற்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அந்தப் பெயர். ஆனால் அந்த வார்த்தைக்கு இன்னொரு உபயோகமும் இருந்தது. கீழே யாராவது அடிபட்டால் விசாரணைக்கு அதிகாரி வருவார். கயிற்றை விட்டது யார், பாறையைத் தாங்குகிற முட்டுக்கட்டையைச் சரியாக வைக்காதது யார் என்று கேட்பார். ஷிஃப்டில் இருந்த அத்தனை பேரும் ஏர் பிளாஸ்ட் என்பார்கள். அடிபட்டவனும் அதையேதான் சொல்வான். பழியைப் பாறை மேல் போட்டுவிட்டால் பாறைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அடிபட்ட ஆளுக்கு வர வேண்டிய பணம் எப்படியும் வந்துவிடும்.

என் அப்பாவுக்கு வலது கையில் இரண்டு விரல் கிடையாது. மைன்ஸ்காரர்கள் குடியிருக்கிற எங்கள் லைனில் சில வீடுகள் தள்ளி இருந்தவர் கைதவறி விட்ட இரும்புதான் காரணம் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த வீட்டிலிருந்து முதல் பலகாரத் தட்டு எங்களுக்குத்தான் வரும். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்பா கண்ணை மூடுகிற வரைக்கும் அது ஏர் பிளாஸ்ட்தான்.

என் வீட்டுக்காரரும் பழியைப் பாறை மேல் போடுகிற அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். ஜாக்கெட் தைத்துக் காலம் தள்ளுகிறேன். பயப்படுவதற்கு மட்டும் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வருவேன். ரயில் கொஞ்சம் தாமதமானாலே, தண்டவாளம் என்ன ஆயிற்றோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். "உன்னப் பயப்படறதுக்குன்னு சம்பளத்துக்கு வெச்சிருந்தா, நாம இந்நேரம் பங்களா கட்டியிருக்கலாம்மே" என்று அவர் கிண்டல் செய்வார்.

ஆட்டோ ஓட்டிய தம்பியும் அவரும் ஒரே ஷிஃப்டில் கீழே இறங்கியவர்கள். கூடப் பிறந்தவன் இல்லை, வயதில் எனக்கும் சின்னவன், எங்கள் லைனிலேயே இருக்கிறவன், என் கையால் சாப்பிட்டவன். அதனால் அவன் என்றே எழுதுகிறேன். மைன்ஸ் மூடியபோது, கைக்கு வந்த பணத்தில் அவன் ஆட்டோ வாங்கினான். என் வீட்டுக்காரர் பெங்களூரில் லிஃப்ட் ரிப்பேர் செய்கிற ஒரு கான்ட்ராக்டரிடம் சேர்ந்தார். சுரங்க ஷாஃப்டில் ஆள் இறக்குகிற கேஜின் கம்பியைப் பார்த்த கை என்று உடனே எடுத்துக்கொண்டார்கள். லிஃப்ட் வந்து நிற்கிற பள்ளத்துக்குள் இறங்கி, முட்டி போட்டுக் குனிந்து செய்கிற வேலை. எங்கே போனாலும் பள்ளத்துக்குள்தான் தனக்குச் சோறு போட்டிருக்கிறது என்று சிரிப்பார்.

காலை ஷிஃப்ட் வாரங்களில் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனிலேயே ரயில் ஏறிவிடுவார். மதிய ஷிஃப்ட் என்றால் ரயில் பிடிக்கப் பங்காருபேட்டைக்குப் போக வேண்டும். அதற்குத் தம்பியின் ஷேர் ஆட்டோ. மூன்று பேர் உட்காருகிற ஆட்டோவில் அன்றைக்கு ஐந்து பேர். எல்லா ஆட்டோவிலும் அப்படித்தான். எதிரே பஸ்ஸை முந்திக்கொண்டு வந்த லாரி இவர்கள் பக்கத்துக்கு ஏறி வந்துவிட்டது. ஆட்டோவின் வலது பக்கம் நசுங்கியது. மற்றவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. வலது ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் என் வீட்டுக்காரர். அவரை வெளியே இழுத்து, மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவன் தம்பிதான். அவன் சட்டையிலிருந்த ரத்தத்தைப் பார்த்து, அடி அவனுக்கோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

முதல் ஆபரேஷன் அரசாங்கத் திட்டத்தில் முடிந்தது. அது காலைக் காப்பாற்ற. இரண்டாவது ஆபரேஷன் முட்டியைக் காப்பாற்ற. பெங்களூர் டாக்டர் எலும்புப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, புண் நன்றாக ஆறியதும் புது மூட்டு வைத்துவிட்டால் கால் மடங்கும், வேலைக்குப் போகலாம் என்றார். ரொம்பத் தள்ளிப் போட்டால் உள்ளே எலும்பு கெட்டுவிடும். அப்புறம் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவதுதான் வழி. வலி இருக்காது, ஆனால் கால் ஒரு கட்டை மாதிரி நேராகவே நிற்கும் என்றார். புது மூட்டுக்கு ஆகிற செலவைக் கேட்டதும் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

எனக்கு ஒரு தைரியம் இருந்தது. லாரிக்கு இன்சூரன்ஸ் இருந்தது. கேஸ் போட்டிருந்தோம். எங்கள் வக்கீல் ஆண்டர்சன்பேட்டையில் பிறந்து வளர்ந்த பெண். என்னை அக்கா என்பார், நான் அவரை மேடம் என்பேன். லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் சமாதானமாக முடித்துக்கொள்ளலாம் என்று தலையை ஆட்டிவிட்டார், அடுத்த லோக் அதாலத்தில் முடிந்துவிடும் என்று மேடம் சொல்லியிருந்தார். நான்கூட ராத்திரியில் தூங்க ஆரம்பித்திருந்தேன்.

அடுத்த முறை மேடம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தார். நான் டம்ளரைக் குடிக்காமல் கீழே வைத்தேன்.

"அக்கா, கம்பெனிய மூடிட்டாங்க" என்றார்.

எங்கள் ஊரில் கம்பெனி என்றால் சுரங்கக் கம்பெனி ஒன்றுதான். அது மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறதே, அதை ஏன் இப்போது சொல்கிறார் என்று விழித்தேன். அப்புறம்தான் புரிந்தது. லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கொடுக்கப் பணமில்லை. மேலிடத்தில் அதன் லைசென்ஸை எடுத்துவிட்டார்கள். சொத்தையெல்லாம் விற்று, வரிசையில் நிற்கிறவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க லிக்விடேட்டர் என்று ஒருவரைப் போட்டிருக்கிறார்கள். நாமும் அந்த வரிசையில் நிற்கலாம். எப்போது வரும், எவ்வளவு வரும், வருமா என்று சொல்ல முடியாது. லாரிக்காரரிடம் கேட்கலாமா என்றேன். அவருக்கு இருந்தது அந்த ஒரே லாரி, அதையும் ஃபைனான்ஸ்காரன் இழுத்துப் போய்விட்டான் என்றார்.

உங்களுக்கென்று சொந்தமாக ஏதாவது பாலிசி உண்டா என்று கேட்டார். வீட்டில் இருந்த பழைய ஸ்கூட்டருடையதைச் சொன்னேன். அது அவர் அந்த ஸ்கூட்டரை ஓட்டும்போது அடிபட்டால்தான் என்றார். வேறு சில தேசங்களில், எதிர்வண்டிக்காரனுடைய இன்சூரன்ஸ் போதாமல் போனால் நம்முடைய இன்சூரன்ஸே மீதியைக் கொடுக்கிற மாதிரி பாலிசி விற்கிறார்களாம். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். உலகத்திலேயே எனக்கென்று செய்த பாலிசி அதுதான். எவனோ இடிப்பான், அவனுடைய கம்பெனி திவாலாகும், அதற்கும் இப்போதே பணம் கட்டி வை என்று என்னிடம் யாராவது சொல்லியிருந்தால், தாலியை வைத்தாவது கட்டியிருப்பேன். சிலிண்டருக்குப் பயந்தேன், தண்டவாளத்துக்குப் பயந்தேன். இன்சூரன்ஸ் கம்பெனி செத்துப்போகும் என்று பயப்பட எனக்குத் தெரியவில்லை.

கிளம்பும்போது மேடம் கதவு வரைக்கும் வந்தார். இன்னொரு வழி இருக்கிறது என்றார். அதைச் சொல்லும்போது வாசலில் நின்ற ஆட்டோவை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். நசுங்கின பக்கத்தைத் தட்டிச் சரிபண்ணின அந்த வண்டியில் என்னைக் கூட்டிப்போனது தம்பிதான்.

ஆட்டோவுக்கும் இன்சூரன்ஸ் இருக்கிறது. அந்தக் கம்பெனி உயிரோடு இருக்கிறது. லாரி மேல் பெரிய தப்பு, ஆட்டோ மேலும் கொஞ்சம் தப்பு என்று கோர்ட் சொன்னால் போதும். ஆட்டோவில் உட்கார்ந்து போனவர் முழுப் பணத்தையும் அந்தக் கம்பெனியிடமே வாங்கிக்கொள்ளலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது. பொய் சொல்லச் சொல்லவில்லை, அண்ணனுக்கு என்ன ஞாபகம் இருக்கிறதோ அதை உள்ளபடி சொன்னால் போதும் என்றார். ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொன்னார். மூன்று பேர் ஆட்டோவில் ஐந்து பேரை ஏற்றியதால், அந்தக் கம்பெனி நமக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் அதைத் தம்பியிடம் திருப்பிக் கேட்கப் பார்க்கும்.

நான் ஆட்டோவில் வந்து உட்கார்ந்தேன். கம்பெனி மூடிய கதையை மட்டும் சொன்னேன். மற்றதை எப்படிச் சொல்வது? ஆனால் வக்கீல் வீட்டு வாசலுக்கும் ஆட்டோவுக்கும் என்ன தூரம், அவன் காதில் விழுந்திருக்கிறது. தங்கம் பிரித்த பிறகு கொட்டின சயனைடு மண்மேட்டுப் பக்கம் வந்ததும் வண்டியை ஓரம் கட்டினான். கண்ணாடியில் என்னைப் பார்க்காமல், முன்னால் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அண்ணி, நான் திரும்பினேன்."

என்ன சொல்கிறான் என்று எனக்குப் புரியவில்லை.

"லாரி வரும்போது நான் ரோட்டப் பாக்கல. பின்னால திரும்பிகினு இருந்தேன். பாத்திருந்தா மண்ணுல எறக்கியிருப்பேன், எடம் இருந்துச்சு. அண்ணனுக்குத் தெரியும். இத்தினி நாளா அண்ணன் வாயத் தொறக்கல. கோர்ட்ல சொல்லச் சொல்லுங்க. வர்றது வரட்டும்."

மண்மேட்டிலிருந்து காற்று தூசியை வாரி அடித்தது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அதற்குள்ளே அழுதேனா, ஆத்திரப்பட்டேனா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். கம்பெனி மூடியதைக் கேட்டு அவர் சிரித்தார். "எத்தினி வாட்டிமே மூடுவானுங்க நமக்கு?" என்றார். ஆட்டோ விஷயத்தை எடுத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. தம்பி தானாகவே ஒத்துக்கொண்டான் என்றேன். மேடம் சொன்னதைச் சொன்னேன். டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். இரும்புக் கூண்டை எடுத்திருந்த காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. நான் கெஞ்சினேன். கத்தினேன். தைக்கிற மெஷினை மிதிக்கிற சத்தத்தில்கூடக் கோபத்தைக் காட்டினேன். நீங்கள் முடங்கினால் நான் எத்தனை ஜாக்கெட் தைப்பேன் என்று கேட்டேன். லைனில் கக்கூஸ் பொதுக் கக்கூஸ், முட்டி மடக்காமல் எப்படிப் போவீர்கள் என்று கேட்டேன். ஒரே ஒரு முறை, கீழே நடந்ததை மேலே கொண்டுவந்து பேசக் கூடாது என்றார். இது ரோடு, சுரங்கம் இல்லை என்றேன். இங்கே பழி போடப் பாறை கிடையாது. இங்கே தப்புச் செய்த ஆள் ஒருத்தன் வேண்டும், அவனுக்கு உயிரோடு ஒரு கம்பெனி வேண்டும், இல்லாவிட்டால் அடிபட்டவனுக்கு ஒன்றும் இல்லை. இவ்வளவையும் நான் சொன்னேன். எட்டாவது படித்தவளுக்குச் சட்டம் தலைகீழாகப் பாடமாகியிருந்தது.

தம்பியும் வந்து நின்றான். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தானே சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்லிவிடுகிறேன் என்றான் அவன். அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"நீ ஏறி அப்படிச் சொன்னா, நான் ஏறி இவன் பொய் சொல்றான்னு சொல்லுவேன். போடா, போய் வண்டியப் பாரு."

மேடம் ஆட்டோவின் கம்பெனியையும் கேஸில் சேர்த்திருந்தார். சாட்சி சொல்லுகிற நாளும் வந்தது. அந்தக் காலைப்பொழுது எனக்கு இன்னும் அப்படியே நினைவில் இருக்கிறது. சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். பொத்தான் போடும்போது அவர் கையைப் பிடித்து, வீங்கிய முட்டி மேல் வைத்தேன். கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் இருந்தார். சரி என்று சொல்கிறார் என்று நினைத்தேன். கோர்ட்டுக்கு எங்களைக் கூட்டிப்போனதும் அதே ஆட்டோதான். யார் மேல் சொல்லப் போகிறோமோ அவனே வண்டி ஓட்டுகிறான். இறங்கும்போது அவன் என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினான். எனக்குத் தைரியம் சொல்கிறானாம்.

கூண்டில் நிற்க முடியாது என்று அவருக்கு நாற்காலி போட்டார்கள். ஜட்ஜுக்குக் கன்னடம். இவர் எங்கள் ஊர்க் கன்னடத்தில் பதில் சொன்னார். மேடம் நிதானமாக, பாதை போட்டுக் கொடுத்த மாதிரிக் கேட்டார். லாரி எந்தப் பக்கம் வந்தது. ஆட்டோ எவ்வளவு வேகம். லாரி வருவது தெரிந்தபோது ஆட்டோ ஓட்டியவர் என்ன செய்துகொண்டிருந்தார்.

நான் கடைசி பெஞ்சில் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் தலையைத் தூக்கி, ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே மரத்தடியில் ஆட்டோ நின்றது தெரிந்தது.

"ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினான்" என்றார். அப்புறம், யாரும் கேட்காமலே, "லாரிதே தப்பு, சார்" என்றார்.

தப்பு என்கிற வார்த்தை கன்னடத்திலும் தப்புதான். எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. வேறு கேள்வி இல்லை என்று மேடம் உட்கார்ந்துவிட்டார். ஆட்டோ கம்பெனியின் வக்கீலுக்கு எழுந்திருக்கிற வேலைகூட இல்லாமல் போயிற்று.

திரும்பி வரும்போது, அவர் என்ன சொன்னார் என்று தம்பி கேட்கவில்லை. எங்கள் முகத்திலேயே தெரிந்திருக்கும். வீட்டு வாசலில் அவரைத் தாங்கி இறக்கிவிட்டு, கைப்பிடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி முகத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்டான்.

உள்ளே வந்து, சோறு போடாமல், அவர் முன்னால் உட்கார்ந்தேன். இன்றைக்கு எனக்கு ஒரு காரணம் சொல்லியே ஆக வேண்டும் என்றேன். ஷிஃப்ட், ஏர் பிளாஸ்ட் என்று சொல்லக் கூடாது என்றேன். அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவனா திரும்பலமே. நான் கேட்டேன், அதனால திரும்பினான். உன் பொண்ணு ரிசல்ட் இன்னாச்சுடான்னு கேட்டேன். ஃபர்ஸ்ட் கிளாஸ்ண்ணான்னு இம்மாம் பெரிய சிரிப்போட திரும்பினான். அந்தச் சிரிப்புதான் எனக்குக் கடைசியா ஞாபகம் கீது. அத்தப் போய் கோர்ட்ல தப்புன்னு எப்படிமே சொல்றது?"

அதைக் கேட்டு என் மனசு ஆறிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்றைக்கும் நான் அவர் பக்கம் இல்லை. சிரிப்பை ஏன் சொல்ல வேண்டும், திரும்பினான் என்ற ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். தம்பி மேல் கம்பெனி பாய்ந்தால் அப்புறம் பார்த்துக்கொண்டிருக்கலாம். வட்டிக்கு வாங்கி, நானும் சேர்ந்து கட்டியிருப்பேன். இப்படி எத்தனையோ 'இருக்கலாம்' என்னிடம் இருக்கிறது. மெஷினை மிதிக்கும்போதெல்லாம் அவை ஒவ்வொன்றாக வரும்.

தீர்ப்பு எங்கள் பக்கம்தான் வந்தது. மேடம் அதைச் சொன்ன விதத்திலேயே அதற்கு என்ன மதிப்பு என்று தெரிந்தது. லாரிக்காரரும் அவருடைய கம்பெனியும் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. ஒருவரிடம் இல்லை, இன்னொன்று உயிரோடு இல்லை. ஆட்டோ மேல் குற்றம் எதுவும் நிரூபணமாகவில்லை, அந்தக் கம்பெனி விலக்கப்படுகிறது என்றும் எழுதியிருந்தது. லிக்விடேட்டருக்கு வேண்டிய காகிதங்களை மேடம் காசு வாங்காமல் அனுப்பி வைத்தார். வரிசையில் நிற்கிறோம். மூடின கம்பெனிகளின் வரிசையில் நிற்க எங்கள் ஊருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

புண் ஆறி, மறுபடி திறந்து, மறுபடி ஆறியது. டாக்டர் கொடுத்த அவகாசம் போய்விட்டது. படத்தைப் பார்த்துவிட்டு, இனிமேல் புது மூட்டு பிடிக்காது என்றார். கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில் எலும்பை ஒன்றாகச் சேர்த்தார்கள். ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வலியைப் பொறுத்துக்கொண்டு, முட்டியை எவ்வளவு மடங்குமோ அவ்வளவு மடக்கி மடக்கி நீட்டினார். அது கொஞ்சம்தான் மடங்கியது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

இப்போது அந்தக் கால் நேராக நிற்கிறது. டாக்டர் சொன்னபடி வலி இல்லை. எங்கள் வீடு ஒரே அறை. அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் கால் அடுப்பங்கரை வரைக்கும் நீளும். வருகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். நடுவில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கியிருக்கிறோம், காலையில் அதை நான் முன்னால் எடுத்துக்கொண்டு போவேன், அவர் பின்னால் வருவார். லிஃப்ட் கான்ட்ராக்டர் நல்ல மனுஷன், வந்து பார்த்துவிட்டுப் போனார். பள்ளத்துக்குள் முட்டி போட முடியாதவரை வைத்துக்கொண்டு அவர்தான் என்ன செய்வார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று அவரை ஆட்டோவில் ஏற்ற முடியவில்லை. மடங்காத கால் உள்ளே போகவில்லை. டிரைவர் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவில் இருக்கிற தகரத்தில் இடித்தது. கடைசியில் ஒரு வேன் பிடித்து வந்தோம். தம்பி காலி ஆட்டோவை வேனுக்குப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தான்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவன் ஆட்டோ லைனில் நிற்கவில்லை. என்னவோ ஏதோ என்று எனக்கு வழக்கம்போலப் பயம். ஒருநாள் சாயங்காலம் வாசலில் ஹார்ன் அடித்தான். போய்ப் பார்த்தேன். ஆண்டர்சன்பேட்டையில் வெல்டிங் கடையில் விட்டு, நடுத் தகரத்தில் இடது பாதியை வெட்டி எடுத்திருந்தான். வெட்டின விளிம்பு காலைக் கிழிக்காமல் இருக்க, பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தைத்திருந்தான். அவர் பின்னால் உட்கார்ந்தால் கால் அந்த வழியாக முன்னால் போய், அவன் சீட்டுக்கு இடது பக்கத்தில் நீட்டிக்கொள்கிறது. கீழே ஒரு பலகையும் போட்டு, மேலே மெத்தென்று துணி வைத்திருந்தான். அது ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன்.

இப்போது மாசத்துக்கு ஒருமுறை காலைக் காட்ட அந்த ஆட்டோவில்தான் போகிறோம். அவர் கால் அவன் பக்கத்தில் கிடக்கும். கியர் மாற்றும்போது அவன் முழங்கை அதில் பட்டால், சட்டென்று இழுத்துக்கொள்வான்.

ஒன்று கவனித்திருக்கிறேன். தம்பி இப்போது வண்டி ஓட்டும்போது திரும்புவதில்லை. முன்பெல்லாம் பேசிக்கொண்டே ஓட்டுகிறவன். இப்போது பின்னாலிருந்து யார் என்ன கேட்டாலும் கழுத்து அசையாது. சவாரிக்காரர்கள் திமிர் பிடித்தவன் என்றுகூடச் சொல்வார்களாம்.

போன முறை போகும்போது, சயனைடு மண்மேட்டைத் தாண்டினதும் என் வீட்டுக்காரர் கேட்டார். "இன்னாடா, பொண்ணு ஃபோன் பண்ணுச்சா?" அவன் மகள் பெங்களூரில் நர்ஸிங் படிக்கிறது.

அவன் பதில் சொல்லவில்லை. கேட்கவில்லையோ என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் போய், புளியமரத்தடியில் மண்ணில் இறக்கி வண்டியை நிறுத்தினான். என்ஜினை அணைத்தான். இரண்டு பக்கமும் ரோட்டைப் பார்த்தான். அதற்கு அப்புறம்தான் முழுசாகத் திரும்பினான்.

"பண்ணுச்சுண்ணா" என்றான். "நல்லா கீதாம். உன்னக் கேட்டுச்சு."

"சரி, எட்றா வண்டிய" என்றார் அவர்.

அவன் முன்னால் திரும்பிக்கொண்டு வண்டியை எடுத்தான்.